கொல்லைக் கூட்டில் புதிய பெட்டைகள்

திருவனந்தபுரம் வட்டாரத்தில், தென்னையும் மரவள்ளியும் நிற்கும் மனைகளில் ஐந்தாறு கோழிகள் வளர்ப்பது பழைய வழக்கம். முட்டை குறைந்தால் வளர்ந்த பெட்டைகள் இரண்டை வாங்கி, அன்று மாலையே பழைய கூட்டில் அடைத்துவிடுகின்றனர். இழப்பு அங்குதான் தொடங்குகிறது.

நலமாகத் தோன்றும் கோழியும் நோய்க்கிருமியைச் சுமந்து வரக்கூடும். வெள்ளைக் கழிச்சல், தடுப்பூசி போடாத கூட்டத்தைச் சில நாட்களில் அழிக்கவல்லது. 2023 ஜனவரியில் இம்மாவட்டத்தின் அழூர் ஊராட்சியில் பறவைக் காய்ச்சல் உறுதியானபோது, சுற்றியிருந்த வீட்டுப் பறவைகளும் அழிக்கப்பட்டன. எனவே புதியவற்றை மூன்று நான்கு வாரங்கள் தொலைவில் தனியே வைத்தல் வேண்டும். தீனித்தட்டும் தண்ணீர்ப் பாத்திரமும் வேறாக இருத்தல் நன்று. நாள்தோறும் பழைய கோழிகளைக் கவனித்த பின்னரே புதியவற்றிடம் செல்ல வேண்டும். கொத்துச் சண்டையைவிட இதுவே முதன்மையானது.

சண்டைக்கும் காரணம் உண்டு. கோழிகளிடையே கொத்தும் வரிசை ஒன்று இருப்பதை நார்வே நாட்டு ஆய்வாளர் ஷெல்டெரப் எப்பே 1920-களின் தொடக்கத்தில் விளக்கினார். புதியவை வந்ததும் அவ்வரிசை குலைகிறது. ஆகவே தனிமைக் காலம் முடிந்ததும், ஒரு வாரம் கம்பி வலைக்கு இருபுறமும் வைத்துப் பழக்கலாம். பின்னர் ஓர் இரவில், உறங்கும் கோழிகளுக்கிடையே புதியவற்றை அமர்த்தலாம். ஒற்றைக் கோழியைச் சேர்த்தல் கூடாது. எல்லாக் கொத்தும் அதன்மேலேயே விழும். மறுநாள் காலையில் கூடுதலாக ஓரிரு தீனித்தட்டுகளை வெவ்வேறிடங்களில் வைக்க வேண்டும். இரத்தம் கசியும் கோழியை உடனே பிரித்துவிட வேண்டும். செந்நிறத்தைக் கண்டால் மற்றவை விடா.

இடமாற்றத்தால் சில நாட்கள் முட்டை நிற்பது இயல்பு. விற்றவரைக் குறை கூறுமுன் இதனை நினைவிற் கொள்ளலாம்.