ராய்ச்சூர் வழியாக வந்த கரண்ட்

அன்புள்ள கயல்,

ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் நீ கேட்ட முதல் கேள்வியே நல்ல கேள்வி: அரசு இருக்கும்போது மின்பாதை போடத் தனியார் பணம் எதற்கு?

2012-இல் நீ பள்ளிச் சிறுமி. அப்போது ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத் தொழிற்சாலைகள் மின்வெட்டில் டீசல் ஜெனரேட்டரை நம்பி நின்றன. தமிழ்நாட்டின் உற்பத்தி போதவில்லை. வெளியில் வாங்கலாம் என்றால், கொண்டுவரப் போதிய பாதை இல்லை. வடக்கு, மேற்கு, கிழக்கு எல்லாம் ஒரே கிரிட்டாகிவிட்டன. தெற்கு மட்டும் தனித்து நின்றது.

2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதையில் மின்சாரம் ஏறியது. தென்னகம் தேசிய கிரிட்டில் சேர்ந்தது. அதைப் போட்டது அரசு நிறுவனமான பவர் கிரிட். அதற்கு இணையான இரண்டாவது பாதை 2014-இல் வந்தது. அதை ஏலத்தில் வென்று கட்டியது படேல் இன்ஜினியரிங், சிம்ப்ளெக்ஸ், பி.எஸ். டிரான்ஸ்காம் ஆகியவற்றின் கூட்டு நிறுவனம்.

ஆண்டுக் கட்டணம் குறைவாகக் கேட்பவருக்கே ஏலம். பிரேசிலிலும் இதே வழிதான். பாதையில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பது முதலீட்டாளரின் கவலை இல்லை. 98 சதவீத நேரம் பாதை தயாராக இருந்தால் முழுக் கட்டணமும் வந்துவிடும். அதற்காக ஏதோ ஒரு மாநில மின்வாரியத்தின் வாசலில் காத்திருக்கவும் வேண்டாம். பயன்படுத்தும் எல்லாரிடமும் வசூலித்து, பொதுத் தொகுப்பிலிருந்து பங்கிடுகிறார்கள். கடனில் தவிக்கும் ஒரே ஒரு வாரியத்தை நம்பி எந்த வங்கி கடன் தரும்? பணத்தை இழுத்து வந்தது பெரிய லாபம் இல்லை, இந்த ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பணம் இனாம் இல்லை. நம் கரண்ட் பில்லில் இருந்துதான் திரும்பிப் போகிறது.

நிலத்தின் கதை வேறு. 2018 டிசம்பரில் கொங்கு விவசாயிகள் உயர்மின் கோபுரங்களை எதிர்த்துப் போராடினார்கள். அவை அரசு நிறுவனங்களின் பாதைகள்தான். ஆனால் தனியார் போட்டாலும் சிக்கல் இதேதான். கோபுரம் நிற்கும் நிலத்தை யாரும் விலைக்கு வாங்குவதில்லை; 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தில் பயன்படுத்திக்கொள்கிறார்கள். 2015-இல் மத்திய அரசு சொன்ன இழப்பீடு, கோபுர அடிநிலத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம். கம்பி செல்லும் பட்டைக்கு அதிகபட்சம் 15 சதவீதம். 2024 ஜூனில் அவை 200, 30 சதவீதமாக உயர்ந்தன.

இந்த இழப்பீட்டுச் செலவு கட்டணத்தில் ஏறும். ஏறுவதுதான் நியாயம். கம்பிக்கு அடியில் இனித் தென்னை வைக்க முடியாத விவசாயி இத்தனை காலமும் அதைத் தனியாகச் சுமந்திருக்கிறார்.