புகைக்கும் விலையுண்டு

நுழையும்முன்

உழைப்புக்கும் பொருளுக்கும் விலை உண்டு. அப்பொருளை உருவாக்கும்போது காற்றில் கலக்கும் புகைக்கு நெடுங்காலம் விலை இருந்ததில்லை. விலையற்ற ஒன்றைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும் என்னும் எண்ணம் எளிதில் தோன்றுவதில்லை. புகைக்கு விலை வைத்து, தொழிற்சாலைகளை ஆற்றல் சிக்கனத்தின்பால் திருப்ப நம் நாடு மேற்கொண்ட முயற்சிகளையும் அவற்றில் நேர்ந்த குறைகளையும் திருத்தங்களையும் இப்பாடம் விளக்குகிறது.

பட்டறையும் புகைபோக்கியும்

சென்னையின் மேற்குப் புறநகரில் அமைந்துள்ளது அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. 1960களில் உருவான இப்பேட்டையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிற்கூடங்கள் இயங்குகின்றன. அருகிலுள்ள ஆவடியில் பீரங்கி வண்டிகளை உருவாக்கும் கனரக ஊர்தித் தொழிற்சாலை உள்ளது. பூவிருந்தவல்லியைக் கடந்தால் திருமழிசைத் தொழிற்பேட்டை வருகிறது. கடைசல் பொறிகள், அச்சு வார்ப்புப் பொறிகள், காற்றழுத்திகள், வெப்பப் பதன உலைகள் ஆகியவற்றின் ஓசை இவ்வட்டாரத்தின் அன்றாட ஓசையாகும்.

இத்தொழிற்கூடங்கள் பலவற்றில் புகைபோக்கியே இல்லை. ஆயினும், அங்கு ஒரு பொறியை இயக்கும்போது எங்கோ ஓரிடத்தில் நிலக்கரி எரிகிறது. எண்ணூரை அடுத்த அத்திப்பட்டிலும் மாநிலத்தின் பிற பகுதிகளிலும் உள்ள அனல்மின் நிலையங்களிலிருந்து வரும் மின்சாரமும் அப்பொறியை இயக்குகிறது. இந்திய மின்கட்டமைப்பில் ஓர் அலகு மின்சாரத்திற்குச் சராசரியாக ஏறத்தாழ 0.7 கிலோகிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. பொறியை இயக்குபவர் ஓரிடத்திலும் புகையைச் சுவாசிப்பவர் வேறோர் இடத்திலும் இருக்கின்றனர். இந்த இடைவெளியே கார்பன் விலை என்னும் சிந்தனைக்கு அடிப்படையாகும்.

விலை என்னும் கருவி

ஒருவருடைய தொழிலால் விளையும் கேட்டின் செலவைத் தொடர்பில்லாத பிறர் சுமப்பதைப் பொருளியலார் 'புறச்செலவு' என்பர். அச்செலவை வரியாக்கி, கேட்டை விளைவிப்பவரிடமே பெற வேண்டும் என்னும் கருத்தை ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் ஆர்தர் பிகு 1920இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

கார்பனுக்கு விலை வைக்க இரு வழிகள் உள்ளன. ஒன்று, எரிபொருளின்மீது நேரடியாக வரி விதித்தல். மற்றொன்று, தொழிற்சாலைகளுக்கு இலக்கு விதித்து, இலக்கை விஞ்சியோர் தம் மிகுதியை இலக்கை எட்டாதோருக்கு விற்க வழிசெய்தல். முதல் வழியில் விலையை அரசு வரையறுக்கிறது. இரண்டாம் வழியில் இலக்கை அரசு வரையறுக்க, விலையைச் சந்தை கூறுகிறது. இந்தியா இவ்விரு வழிகளையும் பயன்படுத்திப் பார்த்துள்ளது.

நிலக்கரித் தீர்வை

2010 ஜூலை 1 முதல் ஒரு டன் நிலக்கரிக்கு 50 ரூபாய் 'தூய ஆற்றல் தீர்வை' விதிக்கப்பட்டது. அத்தொகை 2014இல் 100 ரூபாயாகவும் 2015இல் 200 ரூபாயாகவும் 2016இல் 400 ரூபாயாகவும் உயர்ந்தது. அதன் வருவாய் தேசியத் தூய ஆற்றல் நிதியத்தைச் சேர்ந்து, புதுப்பிக்கத்தக்க ஆற்றலை வளர்க்கும் என்பதே தொடக்கக்கால நோக்கம். ஆனால், திரண்ட தொகை முழுவதும் அந்நிதியத்தைச் சென்றடையவில்லை. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, இத்தீர்வை மாநிலங்களுக்கு இழப்பீடு வழங்கும் தீர்வையாக மாறியது. 2025 செப்டம்பரில் அதுவும் நீக்கப்பட்டு, நிலக்கரிமீதான சரக்கு மற்றும் சேவை வரி 5 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாக உயர்த்தப்பட்டது.

புகையின் பெயரால் திரட்டப்பட்ட பணம் புகையைக் குறைக்கச் செலவிடப்படாதபோது, விலை வெறும் வருவாயாகிவிடுகிறது. இது முதற்பாடம்.

இலக்கும் சான்றிதழும்

2001ஆம் ஆண்டின் ஆற்றல் சேமிப்புச் சட்டத்தின்கீழ், 2002 மார்ச்சில் எரிசக்தித் திறன் பணியகம் தோன்றியது. இப்பணியகம் 2012இல் தொடங்கிய திட்டம் 'பாட்' என்று சுருக்கமாக அழைக்கப்படுகிறது. 'செயலாற்று, இலக்கை அடை, வணிகம் செய்' என்பது அதன் பொருள்.

இத்திட்டம் செயல்படும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். இரு சிமெண்டு ஆலைகள் ஒரு டன் உற்பத்திக்குச் செலவிடும் ஆற்றலை மூன்றாண்டுகளில் 5 விழுக்காடு குறைக்க வேண்டும் என்று கொள்வோம். முதல் ஆலை 7 விழுக்காடு குறைக்கிறது. அதன் மிகுதிச் சேமிப்புக்குச் சான்றிதழ்கள் கிடைக்கின்றன. இரண்டாம் ஆலை 3 விழுக்காடே குறைக்கிறது. தன் குறைவை ஈடுசெய்ய அது சான்றிதழ்களை வாங்க வேண்டும். குறைந்த செலவில் சேமிக்க வல்லவர் மிகுதியாகச் சேமிப்பர். நாட்டின் மொத்தச் சேமிப்பும் குறைந்த செலவில் கிட்டும்.

2012-13 முதல் 2014-15 வரையிலான முதற்சுற்றில் எட்டுத் துறைகளைச் சேர்ந்த 478 தொழிலகங்கள் இடம்பெற்றன. இலக்கு ஏறத்தாழ 66.9 லட்சம் டன் எண்ணெய்க்கு ஈடான ஆற்றல், எட்டியதோ 86.7 லட்சம் டன். இது பெருவெற்றியே.

அவ்வெற்றிக்குள்ளேயே ஒரு குறையும் இருந்தது. ஏறத்தாழ 38 லட்சம் சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. வாங்கப்பட வேண்டியவையோ ஏறத்தாழ 14 லட்சம் மட்டுமே. 2017 செப்டம்பரில் 1,200 ரூபாயில் தொடங்கிய ஒரு சான்றிதழின் விலை, பின்னர்ச் சில நூறு ரூபாயாகச் சரிந்தது. ஒரு சான்றிதழ் ஒரு டன் எண்ணெய்க்கு ஈடான ஆற்றலைக் குறிக்கும். அவ்வளவு ஆற்றலுக்கு அரசு 2011-12ஆம் ஆண்டுக்கு அறிவித்த விலையோ ஏறத்தாழ 10,000 ரூபாய். சேமிப்பதைவிடச் சான்றிதழ் வாங்குவது மலிவானால், சேமிக்கும் ஊக்கம் குன்றும். எளிய இலக்கு மலிவான சான்றிதழைத் தரும். மலிவான சான்றிதழ் முயற்சியைத் தளர்த்தும். இது இரண்டாம் பாடம்.

தெரிந்து தெளிவோம்

பிரிட்டன் 2010இல் பேரங்காடிகள், வங்கிகள், பல்கலைக்கழகங்கள், உள்ளாட்சி அமைப்புகள் ஆகியவற்றுக்கென ஒரு கார்பன் திட்டத்தைத் தொடங்கியது. சிறப்பாகச் சிக்கனம் செய்வோருக்குத் தொகையைத் திருப்பித் தருவதாக முதலில் கூறப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அவ்வுறுதி கைவிடப்பட்டு, வருவாய் அரசுக் கருவூலத்திற்கே உரியதாயிற்று. விதிகள் சிக்கலானவை என்னும் குறைபாட்டினால் திட்டம் எளிமையாக்கப்பட்டது. 2019இல் முடிவுக்கு வந்தது. நிலையான வாக்குறுதியும் எளிய விதிமுறையும் இன்றி எந்தத் திட்டமும் நிலைக்காது என்பதற்கு இது சான்று.

சீர்திருத்தம்

2022இல் ஆற்றல் சேமிப்புச் சட்டம் திருத்தப்பட்டது. அதன் வழியே 2023 ஜூனில் 'கார்பன் வரவு வணிகத் திட்டம்' அறிவிக்கப்பட்டது. பழைய திட்டத்திலிருந்து இது வேறுபடும் இடங்களை அறிதல் வேண்டும்.

முன்னர் அளக்கப்பட்டது ஆற்றல். இப்போது அளக்கப்படுவது ஒரு டன் உற்பத்திக்கு வெளியாகும் பசுங்குடில் வாயு. ஒரு சான்றிதழ் ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடானது. எனவே, ஆற்றலைச் சேமிப்பதோடு எவ்வகை எரிபொருளைப் பயன்படுத்துகிறோம் என்பதும் கணக்கில் வருகிறது. 2025 அக்டோபரில் வெளியான விதிகள் அலுமினியம், சிமெண்டு, குளோர்-காரம், காகிதக்கூழ் மற்றும் காகிதம் ஆகிய நான்கு துறைகளின் 282 தொழிலகங்களுக்கு இலக்குகளை வகுத்தன. இலக்கை எட்டாமலும் சான்றிதழ் வாங்காமலும் இருப்போர், சான்றிதழின் சராசரி விலையைப்போல் இருமடங்கு இழப்பீடு செலுத்த வேண்டும். விதியை மீறுவது விதியைப் பின்பற்றுவதைவிடச் செலவு மிக்கதாகும்போதுதான் விதி உயிர்பெறுகிறது.

ஆயினும், இச்சீர்திருத்தத்தின் உண்மையான வலிமை இலக்கின் கடுமையைப் பொறுத்ததே. முதற்சுற்றுப் பாட் திட்டத்தில் நேர்ந்ததுபோல் சான்றிதழ்கள் தேவைக்கு மேல் பெருகுமாயின், அளவுகோல் மாறியும் பயன் மாறாது.

சிறுதொழிலின் நிலை

இத்திட்டங்கள் யாவும் பேராலைகளுக்கு உரியவை. அம்பத்தூரின் சிறு பட்டறைகளை அவை நேரடியாகத் தொடுவதில்லை. சேமிப்புக்கான வாய்ப்போ அங்கும் மிகுதி. பலமுறை சுருள் மாற்றிக் கட்டப்பட்ட பழைய மின்னோடிகள் மின்சாரத்தை வீணாக்குகின்றன. அழுத்தக்காற்றுக் குழாயின் சிறு கசிவு இரவும் பகலும் பணத்தைக் கரைக்கிறது. ஒரு காற்றூதியின் வேகத்தை 80 விழுக்காடாகக் குறைத்தால், அதற்குத் தேவையான மின்திறன் ஏறத்தாழ பாதியாகிறது.

பட்டறை ஒன்று இவ்வாறு ஆண்டுக்கு 10,000 அலகு மின்சாரத்தைச் சேமிக்கிறது என்று கொள்வோம். அலகு 8 ரூபாய் எனில் 80,000 ரூபாய் மிச்சமாகும். தவிர்க்கப்படும் புகை 7 டன். டன்னுக்கு 1,000 ரூபாய் விலை வைத்தாலும் அதன் மதிப்பு 7,000 ரூபாயே. மின்கட்டணச் சேமிப்பே பெரிதாக இருந்தும் பலர் அதனைச் செய்யாமைக்குக் காரணம் என்ன? முதலீட்டுக்குப் பணமின்மை, எங்கே வீணாகிறது என்று அளந்து கூறுவோர் இன்மை, பொறியை நிறுத்தினால் உற்பத்தி தடைபடும் என்னும் அச்சம் ஆகியவையே. இத்தடைகளை விலை மட்டும் நீக்காது.

ஆகவே, சிறுதொழிலுக்கு வேண்டியது சுமையன்று, துணையே. 2025 ஜூலையில் தொடங்கப்பட்ட நடுவண் அரசின் 1,000 கோடி ரூபாய்த் திட்டம், ஆற்றல் சிக்கனப் பொறிகளுக்கான கடனில் குறுந்தொழில், சிறுதொழில்களுக்கு 5 விழுக்காடும் நடுத்தரத் தொழில்களுக்கு 3 விழுக்காடும் வட்டி மானியம் வழங்குகிறது. ஆற்றல் தணிக்கைக்குத் தமிழ்நாடு அரசும் மானியம் அளிக்கிறது. கார்பன் விலையால் வரும் வருவாயின் ஒரு பகுதி இத்தகைய பணிகளுக்கே உரியது என்று உறுதிசெய்யப்படுமானால், நிலக்கரித் தீர்வையில் நேர்ந்த குறை நீங்கும்.

இதற்குக் காலமும் நெருக்குகிறது. ஐரோப்பிய ஒன்றியம் தன் எல்லைக்குள் வரும் எஃகு, அலுமினியம் முதலிய பொருள்களில் அடங்கிய கார்பனுக்கு விலை கோரும் முறையை 2026 ஜனவரி முதல் முழுமையாக நடைமுறைப்படுத்தியுள்ளது. எஃகாலான போல்ட்டும் நட்டும் அப்பட்டியலில் உள்ளன. பொருள் உருவான நாட்டிலேயே கார்பன் விலை செலுத்தப்பட்டிருந்தால், அதைக் கழித்துக்கொள்ள இம்முறை இடமளிக்கிறது. இங்கே செலுத்தும் விலை இங்குள்ள பணிகளுக்குப் பயன்படும். அங்கே செலுத்தும் விலை அவர்களின் கருவூலத்தைச் சேரும். தான் வெளியிடும் கார்பனைக் கணக்கிட்டுக் காட்ட இயலாத பட்டறை, ஏற்றுமதி வாய்ப்பை இழக்கவும் கூடும். அவ்விழப்பு அங்குப் பணிபுரிவோரின் வாழ்வையும் தாக்கும்.

புகைக்கு விலை வைப்பது தண்டிப்பதற்காக அன்று. மறைந்திருக்கும் செலவைக் கண்முன் காட்டுவதற்காகவே. அவ்விலை உறைக்கும் அளவினதாகவும், விதி எளியதாகவும், வருவாய் உரிய நோக்கத்திற்குப் பயன்படுவதாகவும் இருத்தல் வேண்டும். பேராலைக்கு இலக்கும் சிறுபட்டறைக்குத் துணையும் ஒருங்கே அமையும்போது, அம்பத்தூரில் மிச்சமாகும் ஒவ்வோர் அலகும் அத்திப்பட்டின் காற்றைச் சற்றே தூய்மையாக்கும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டு மின்கட்டண அட்டையிலுள்ள அலகுகளைக் கொண்டு, இரு மாதங்களில் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடின் அளவைக் கணக்கிடுக.

2. உங்கள் பகுதியிலுள்ள தொழிற்கூடம் ஒன்றைப் பார்வையிட்டு, ஆற்றல் வீணாகும் இடங்களைப் பட்டியலிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா
1. புறச்செலவு என்பது யாது?
2. கார்பனுக்கு விலை வைக்கும் இரு வழிகளைக் குறிப்பிடுக.

சிறுவினா
1. பாட் திட்டத்தின் சான்றிதழ் விலை சரிந்ததற்கான காரணத்தை விளக்குக.
2. பிரிட்டனின் கார்பன் திட்டம் உணர்த்தும் பாடங்கள் யாவை?

நெடுவினா
'சிறுதொழிலுக்கு வேண்டியது சுமையன்று, துணையே' – இக்கருத்தை நும் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.