நுவரெலியாவா, அட்டனா, எல்லவா? அறைக்குப் பணம் கட்டும் முன் படியுங்கள்

மலைநாட்டுக்கு லீவில் போகிறோம் என்றால் பலருக்கு நுவரெலியா ஒன்றுதான் ஞாபகம் வரும். யோசிக்காமல் அங்கே அறை போட்டுவிடுவார்கள். பிறகு நடுச்சாமத்தில் வேன் பிடித்து சிவனொளிபாத மலைக்கும், அடுத்த நாள் எல்லப் பாலத்துக்கும், அதற்கடுத்த நாள் கண்டிக்கும் ஓடுவார்கள். பிள்ளைகள் வளைவுப் பாதையில் வாந்தி எடுத்தே களைத்துப்போவார்கள். வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்தாலும் இந்த ஊர்களுக்கு மழை வேறு, குளிர் வேறு, பாதை வேறு. ஒரே ஊரைத் தெரிவு செய்து அங்கே இரண்டு மூன்று இரவாவது தங்குங்கள். எந்த ஊர் என்பதை இன்றைக்கே முடிவு செய்யப் போகிறீர்கள் என்றால், கீழே உள்ள முதல் இரண்டையாவது வாசித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

செய்ய வேண்டியவை

1. முதலில் மாதத்தைப் பாருங்கள், ஊரைப் பிறகு பாருங்கள். மழையை இந்த மலைத்தொடர் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில்தான் கொட்டும். கினிகத்தேனை, நோர்ட்டன், மஸ்கெலியா, அட்டன் எல்லாம் அப்போது நனைந்தபடி கிடக்கும். அதே நாட்களில் மலைக்கு அந்தப் பக்கம் அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல காய்ந்து கிடக்கும். ஊவாத் தேயிலைக்குப் பேர்பெற்ற மணம் ஏறுவதும் அந்தக் காய்ந்த காற்றில்தான். ஒக்டோபருக்குப் பிறகு ஊவாப் பக்கமும் மழையில் மாட்டிக்கொள்ளும். ஜனவரி முதல் மார்ச் வரை அட்டன், தலவாக்கலை, நுவரெலியா மூன்றுக்கும் வானம் தெளிந்திருக்கும். ஆகவே, ஓகஸ்ட் லீவுக்கு கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருகிறவர்கள் பண்டாரவளையையோ அப்புத்தளையையோ எடுங்கள். பெப்ரவரியில் வருகிறவர்கள் அட்டனை எடுங்கள்.

2. எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று வீட்டில் எல்லோரும் இருந்து பேசி முடிவெடுங்கள். சிவனொளிபாத மலை ஏறுவதென்றால் அட்டனில் இறங்கி, முடிந்தால் நல்லதண்ணியிலேயே தங்குங்கள். உலக முடிவு என்ற மலை விளிம்புக்கு என்றால் நுவரெலியா அல்லது அப்புத்தளை. சீதா எலிய சீதையம்மன் கோவில், ஹக்கல பூங்கா என்றால் நுவரெலியாதான். இரண்டும் பதுளை வீதியில் ஒரே போக்கில் இருக்கின்றன. ஒன்பது வளைவுப் பாலமும் தெமோதரை ரயில் வளையமும் வேண்டுமென்றால் எல்ல. பெரஹராவுக்குக் கண்டி. பட்டியலில் எது இரண்டு தடவை வருகிறதோ அங்கே தங்குங்கள்.

3. வயசானவர்களோடு போனால் உயரத்தையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். நுவரெலியா 1,868 மீற்றரில் இருக்கிறது. அட்டன் 1,270 மீற்றர் அளவில். எல்ல அதற்கும் கீழே. கண்டி 500 மீற்றர்தான். ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் சில விடியற்காலைகளில் பனி உறைந்து தேயிலைத் துளிரே கருகிப்போகும். சளியும் இழுப்பும் உள்ள அப்பத்தாவை அந்தக் குளிரில் கொண்டுபோய் வைக்காதீர்கள். பண்டாரவளை அவருக்கு இதமாக இருக்கும்.

4. அட்டனுக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுங்கள். நுவரெலியாவின் வடிவு அங்கே இல்லை. டவுன் நெரிசலானது, பஸ் சத்தம் ஓயாது. 10ஆம் திகதியை ஒட்டிச் சம்பளம் போட்டதும் கடைத்தெருவில் தோளோடு தோள் உரசும். ஆனால் டவுனைத் தாண்டி டிக்கோயா, நோர்வூட் என்று இறங்கிப் போங்கள். இலங்கையில் இத்தனை விரிந்த தேயிலைப் பசுமையை ஒரே பார்வையில் காட்டும் பாதைகள் மிகச் சிலவே. காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரையில் மாலை நேரத்தில் நடந்து பாருங்கள். மஸ்கெலியாவில் மவுசாகலை நீர்த்தேக்கத்தையும் பாருங்கள். அதற்குள்தான் பழைய மஸ்கெலியா டவுன் மூழ்கிக் கிடக்கிறது. வரட்சியில் தண்ணீர் வற்றும்போது பழைய கோவிலின் கற்கள் மேலே தெரியும். ஊர்ச்சனம் போய்ப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வரும். பொகவந்தலாவையில் சென் மேரீஸ் தேவாலயத்துக்குப் போனால், 19ஆம் நூற்றாண்டின் பெரிய புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரனின் கல்லறை இருக்கிறது. 1879இல் அவர் இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில்தான் இறந்தார்.

5. ரயிலில் வருவதென்றால் ஸ்டேஷன் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஊட்டிக்குப் போகும் ரயில் ஊருக்குள்ளேயே இறக்கிவிடும், நுவரெலியாவுக்கு அப்படியில்லை. நானுஓயாவில் இறங்கி இன்னும் எட்டு ஒன்பது கிலோமீற்றர் போக வேண்டும், ஆட்டோவில் ஏறும் முன்பே வாடகை பேசுங்கள். அட்டனில் ஸ்டேஷன் டவுனுக்குள்ளேயே இருக்கிறது. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் மலையக ரயில் பாதை பல இடங்களில் உடைந்தது. ஆகவே எந்தப் பகுதி வரை ரயில் ஓடுகிறது என்று புகையிரதத் திணைக்களத்தில் கேட்ட பிறகே அறை போடுங்கள்.

6. உலக முடிவுக்கு வாசல் திறக்கும் நேரத்துக்கே போய் நில்லுங்கள். ஒன்பது, பத்து மணியானால் மேகம் ஏறிப் பள்ளத்தாக்கை மூடிவிடும். சுற்றுப் பாதை ஒன்பது கிலோமீற்றர் நடந்தும் வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பீர்கள். பொலித்தீன் பைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், வாசலில் சோதிப்பார்கள்.

7. வளர்ந்த பிள்ளைகளோடு வந்தால் கம்பளை வழியாக வாருங்கள். அங்கே பரதெக்கவில், ஓல்ட் பீகொக் தோட்டத்தில், தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய லயக் காம்பராக்களையே அருங்காட்சியகமாக்கி, மக்கள் புழங்கிய பொருட்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். 1823 தொடங்கி 200 வருடம் கடந்த ஒரு சமூகத்தின் உழைப்புத்தான் நீங்கள் ரசிக்க வந்த பச்சை. அதைப் பார்த்த பிறகு மேலே போகும் பிள்ளை மலையை வேறு கண்ணோடு பார்க்கும்.

8. சுடுதண்ணி, தடித்த போர்வை இரண்டும் உண்டா என்று போன் பண்ணிக் கேளுங்கள். படத்தில் குளிர் தெரியாது.

செய்யக்கூடாதவை

1. ஏப்ரலில் நுவரெலியாவுக்கு அறை பதியாமல் போகாதீர்கள். புத்தாண்டோடு சீசன் தொடங்கினால் குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி என்று நாடே அங்கே ஏறும். வாடகை பல மடங்காகும், கிரகரி வாவியைச் சுற்றி வாகனம் அசையாது. அமைதி தேடுகிறவர்கள் அந்த மாதத்தில் வேறு ஊரைப் பாருங்கள்.

2. நானுஓயா ரதல்ல குறுக்குப் பாதையில் வேனை இறக்க விடாதீர்கள். தொலைபேசி வரைபடம் அதைத்தான் கிட்டப் பாதை என்று காட்டும். சரிவு அவ்வளவு செங்குத்து. பிரேக் சூடேறினால் பிடிக்காது. 2023 ஜனவரியில் அந்த வீதியில் பஸ்சும் வேனும் ஆட்டோவும் மோதி ஏழு பேர் செத்தார்கள். பிரதான வீதியில் போனால் கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதான்.

3. இரவிரவாக ஓடி வந்த டிரைவரை அப்படியே மலைக்கு ஏற்றாதீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வருகிறவர்கள் அதிகம் செய்யும் பிழை இதுதான். 2025 மே 11ஆம் திகதி விடியற்காலையில் றம்பொடை கெரண்டி எல்லப் பகுதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டியிலோ கம்பளையிலோ நிறுத்தி அவரைத் தூங்க விடுங்கள். வெளிச்சம் வந்த பிறகு வளைவில் ஏறுங்கள். இறக்கத்தில் சின்ன கியரில் வரச் சொல்லுங்கள்; சொல்வதற்குக் கூச்சப்படாதீர்கள்.

4. சீசன் இல்லாத காலத்தில் சிவனொளிபாத மலைக்குத் தனியே ஏறாதீர்கள். சீசன் டிசம்பர் போயாவில் தொடங்கி வெசாக்கில் முடியும். மற்ற மாதங்களில் படிகளில் வெளிச்சமில்லை, கடையில்லை, மழையும் அட்டையும் தாராளம். 5,000க்கும் மேற்பட்ட படிகளில் கால் பிசகினால் கூப்பிட்டாலும் கேட்க ஆளிருக்காது.

5. நீர்வீழ்ச்சியிலும் நீர்த்தேக்கத்திலும் குளிக்க இறங்காதீர்கள். டெவோன், சென் கிளயர் இரண்டையும் தலவாக்கலை வீதியில் நின்றே வடிவாகப் பார்க்கலாம். மேலே மழை பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே ஆறு பெருகும். வான்கதவு திறந்தால் ஓட நேரமிருக்காது. இப்படிப் போகும் உயிர்களில் பல சுற்றுலா வந்த இளம் பையன்களுடையவை.

6. கொழுந்து எடுக்கிறவர்களை மறித்துப் படம் எடுக்காதீர்கள். அவர்களுக்கு அது வேலை நேரம். நிறை குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர்தான் விழும், பாதிச் சம்பளம் போய்விடும். கேட்டுவிட்டு எடுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். கூடையை வாங்கித் தலையில் மாட்டிப் போஸ் கொடுப்பதை அறவே விடுங்கள்.

7. லயத்துக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். அது காட்சிப்பொருள் இல்லை, வீடு. ஒரே காம்பராவில் சமைத்துப் படுத்து வாழும் குடும்பத்தின் வாசலில் நீங்கள் நிற்கிறீர்கள். அழைத்தால் போங்கள், பிளேன்டீ தந்தால் குடியுங்கள், அக்கா, அண்ணன் என்று மரியாதையாகப் பேசுங்கள்.

8. வளைவுகளில் பூக்கொத்தோடு வாகனத்துக்குக் குறுக்கே ஓடி வரும் பிள்ளைகளுக்குக் காசு நீட்டாதீர்கள். நீங்கள் கொடுக்கும் காசு நாளைக்கு அவர்களைப் பள்ளிக்கூடத்திலிருந்து ரோட்டுக்கு இழுக்கும். கொடுக்க மனசிருந்தால் தோட்டத்துப் பள்ளி அதிபரைப் போய்ப் பாருங்கள், என்ன தேவை என்று அவர் சொல்வார்.

9. திங்கட்கிழமை காலையில் தேயிலைத் தொழிற்சாலை பார்க்கப் போகாதீர்கள். ஞாயிறு பொதுவாகக் கொழுந்து எடுப்பதில்லை, இலை வாட ஒரு இரவு வேண்டும். திங்கள் காலையில் ஓடாத இயந்திரத்தைத்தான் காட்டுவார்கள். செவ்வாய்க்குப் பிறகு போங்கள்.

10. ஆசனப் பதிவு டிக்கட்டை ஸ்டேஷன் வாசலில் இடைத்தரகரிடம் வாங்காதீர்கள். எல்லப் பாதைக்கு இதில் பெரிய மோசடியே நடந்து ஆட்கள் கைதானார்கள். கிடைக்காவிட்டால் பஸ்சில் போங்கள், அல்லது கூட்டம் குறைந்த அட்டன் வரை மட்டும் ரயிலில் வாருங்கள்.

11. பணம் கட்டிவிட்டோமே என்பதற்காக மண்சரிவு எச்சரிக்கையை மீறிப் போகாதீர்கள். டித்வாவில் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலை சரிந்து வீடுகளோடு மனிதர்களும் புதைந்தார்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக எச்சரிக்கை விடும். நீங்கள் தங்கப் போகும் பிரிவின் பெயரை முதலே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், புறப்படும் அன்று காலை பாருங்கள். அறையில் இருக்கும்போது சுவரில் புது வெடிப்பு ஓடினாலோ, மேட்டிலிருந்து வரும் ஊற்றுத் தண்ணீர் திடீரென்று சேறாக வந்தாலோ, மரமும் மின்கம்பமும் சாய்ந்தாலோ, பையைத் தேடி நிற்காமல் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள். பக்கத்து அறைக்காரரையும் தட்டி எழுப்புங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, அம்புலன்சுக்கு 1990. இரண்டையும் இப்போதே போனில் போட்டு வையுங்கள்.