உளியும் பிடியும்

நுழையும்முன்

'கடைதல்' என்னும் சொல் தமிழில் இரு தொழில்களைக் குறிக்கும். மத்தைச் சுழற்றித் தயிர் கடைகிறோம். மரத்தைச் சுழற்றி உருவம் கடைகிறோம். மரம் கடைவோர் தமக்குரிய உளியையும் பிடியையும் எவ்வாறு தேர்ந்தெடுத்தல் வேண்டும் என்பதை இப்பாடத்தில் அறிவோம்.

கடைசல் தொழில்

திருநெல்வேலி மாவட்டத்து அம்பாசமுத்திரம் மரச்சொப்புகளுக்குப் பெயர்பெற்ற ஊர். கருநாடகத்தின் சென்னபட்டணமும் ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாக்காவும் அத்தகையனவே. சிறுவர் விளையாடும் குடமும் உரலும் பம்பரமும் அங்குக் கடைசல் எந்திரத்தில் உருப்பெறுகின்றன. சுழலும் மரத்தில் உளி பட்டவுடன் சீவல் சுருள்சுருளாக உதிரும். உருவம் அமைந்தபின் வண்ண அரக்கை அதன்மீது அழுத்துவர். உராய்வின் வெப்பத்தால் அரக்கு இளகி மரத்தில் படியும்.

உளியின் எஃகு

கடைசலில் மிகுதியும் பயன்படுவது, வாய்க்கால்போல் நீள்பள்ளம் உடைய குழியுளி ஆகும். கரிம எஃகால் ஆன உளி மிகக் கூர்மையாகத் தீட்டப்படும். எனினும், சாணை பிடிக்கையில் சூடேறி நீலநிறம் பாய்ந்தால் வன்மை இழக்கும். டங்ஸ்டன், மாலிப்டினம், குரோமியம், வனேடியம் முதலியன கலந்த அதிவேக எஃகோ ஏறத்தாழ 600 பாகை செல்சியசு வரை வன்மை குன்றாது. விலை கூடுதலாயினும் அதன் கூர்மை நெடுநேரம் நிற்கும்.

வாங்கும்போது பள்ளத்தின் உட்புறத்தை ஒளியில் பிடித்துப் பார்த்தல் வேண்டும். பள்ளமும் தீட்டிய சரிவும் சந்திக்கும் கோடே உளியின் வாய். ஆதலால், பள்ளத்தில் கீறல் இருந்தால் வாயும் பல்பல்லாக அமையும். எத்துணைத் தீட்டினும் அக்குறை நீங்காது.

வாலில் உள்ள ஆபத்து

பிடிக்குள் செருகப்படும் பகுதியை உளியின் வால் என்பர். உருட்டுமரத்தை முதலில் செப்பம் செய்யும் அகலக் குழியுளிகள் பலவற்றின் வால் தட்டையாகவும் மெலிந்தும் இருக்கும். கிண்ணம் குடைய இவ்வுளியைப் பயன்படுத்தலாகாது. கிண்ணம் சுழலும் ஒவ்வொரு சுற்றிலும் மரத்தின் குறுக்குவெட்டு முகம் இருமுறை உளியைத் தாக்கும். அவ்வதிர்ச்சியில் வால் முறிந்து உளி தெறிக்கக்கூடும். கண்ணுக்கும் கைக்கும் கேடு நேரும். கிண்ணம் குடைய, பருத்த உருண்டைத் தண்டும் ஆழ்ந்த பள்ளமும் உடைய குழியுளியே ஏற்றது.

பிடியின் இலக்கணம்

உளி ஒரு நெம்புகோல். அதைத் தாங்கும் கட்டையே ஆதாரப்புள்ளி. உளியின் முனை ஆதாரத்திலிருந்து 5 செ.மீ. நீண்டிருக்க, 40 செ.மீ. பின்னால் பிடித்தால், முனையில் எழும் விசையின் எட்டில் ஒரு பங்கே கைக்கு வரும். முனை 10 செ.மீ. நீண்டால் அது நான்கில் ஒரு பங்காகிவிடும். ஆகவே, ஆழமாகக் குடையும் உளிக்கு நீண்ட பிடி இன்றியமையாதது.

பிடிக்குரிய மரம் நேரிழை உடையதாகவும் கணுவற்றதாகவும் நன்கு உலர்ந்ததாகவும் இருத்தல் வேண்டும். ஈரமரம் பின்னர் உலர்ந்து திரிவதால் வால் தளரும். பிடியின் வாயில் பித்தளைப் பூண் இறுக்கமாக அமைந்தால் மரம் பிளவுபடாது. மிகுந்த மெருகு பூசிய பிடி, வியர்த்த கையில் வழுக்கும்.

சக்குபள்ளத்து ஏலத்தோட்டங்களில் பணிபுரியும் நம் பெரியோரிடம் கேட்டுப் பாருங்கள். மண்வெட்டியின் பிடி ஆடினால் என்ன நேரும் என்பதை அவர்கள் நன்கு அறிவர். கருவி எதுவாயினும், கூர்மை வேலையைக் காக்கும். பிடி வேலை செய்பவரைக் காக்கும்.

சொல்லும் பொருளும்

பூண் – பிடியின் வாயில் இறுக்கும் உலோக வளையம்
சாணை – கருவிகளைக் கூர்தீட்டும் கல்
வன்மை – உறுதி
கேடு – தீங்கு

மதிப்பீடு

1. 'கடைதல்' என்னும் சொல்லை இரு பொருளில் அமைத்து இரு தொடர்கள் எழுதுக.
2. அகலக் குழியுளியால் கிண்ணம் குடையலாகாது. ஏன்?
3. முனை 8 செ.மீ. நீண்டிருக்க, 40 செ.மீ. பின்னால் பிடித்தால் கைக்கு வரும் விசை எத்தனை பங்கு?
4. உம் வீட்டிலுள்ள கருவி ஒன்றின் பிடியை ஆராய்ந்து, அதன் மரம், இழை, பூண் ஆகியன பற்றி ஐந்து தொடர்களில் எழுதுக.