இலக்கியக் கட்டுரைக்கு முடிவுரை எழுதும் முறை

முன்னுரையில் வைத்த கருத்து, பொருளுரையின் சான்றுகளைக் கடந்து வந்தபின் எந்த வடிவம் பெற்றிருக்கிறது என்பதைச் சொல்லும் பகுதியே முடிவுரை. பள்ளிக் காலப் பழக்கத்தால் பலர் அதை ‘மேற்கண்டவற்றால் தெளிவாகிறது’, ‘என்பதில் ஐயமில்லை’ போன்ற தொடர்களால் நிரப்பியோ, பொருத்தம் பாராமல் ஒரு குறளைச் சேர்த்தோ முடித்துவிடுவதால், கட்டுரை உழைத்துத் தேடிய பொருள் கைக்கு வந்தும் நழுவிவிடுகிறது.

‘சிலப்பதிகாரத்தில் சிலம்பு’ என்னும் தலைப்பில் ஒருவர் கட்டுரை எழுதுவதாகக் கொள்ளலாம். முதல் வேலையாக அவர் பொருளுரையின் ஒவ்வொரு பத்தியும் எதை நிறுவியது என்பதை ஓரத்தில் ஒரே வாக்கியமாகக் குறிக்க வேண்டும். புகார்க் காண்டத்தில் சிலம்பு, இழந்த செல்வத்தை மீட்பதற்கான வணிக முதலாகிறது. மதுரையில் பொற்கொல்லனின் பொய்யால் அதுவே களவுப் பொருளாகிறது. வழக்குரை காதையில் சிலம்பு உடைந்து, பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்தும் கண்ணகியின் சிலம்பில் மாணிக்கமும் பரல்களாக இருந்தமை வெளிப்பட, அது நீதிக்குச் சான்றாகிறது.

அடுத்து, இந்த வாக்கியங்களுக்கு இடையிலான உறவைத் தேட வேண்டும். முடிவுரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பதால் இதற்கு மற்றெல்லாவற்றையும்விட மிகுதியான நேரம் ஒதுக்குவது தகும். ‘சிலம்பு மூன்று நிலைகளில் வருகிறது’ என்பது வெறும் எண்ணிக்கை. முழுமையாக இருக்கும்வரை சிலம்பைப் பற்றி யாரும் எதையும் சொல்ல முடிகிறது, உடைந்தபோதுதான் அது தன் உண்மையைச் சொல்கிறது என்பதோ, மூன்று பத்திகளையும் சேர்த்துப் பார்த்தால் மட்டுமே கிடைக்கும் கருத்து. முடிவுரையின் முதல் வாக்கியம் இதுவாகவே அமைய வேண்டும். ‘முடிவாக’ என்ற அறிவிப்பு தேவையில்லை.

பின்னர் அக்கருத்தை ஒரு படி விரிக்கலாம். விரிப்பது என்றவுடன் ‘இன்றைய சமுதாயம்’, ‘பெண்மையின் பெருமை’ என்று பனுவலுக்கு வெளியே தாவுவது பெரும் இழப்பு. பனுவலுக்குள்ளேயே விடையில்லாமல் நிற்கும் கேள்வி ஒன்றைத் தொடுவதே சிறந்த வழி. 30 காதைகளுள் 20ஆவதிலேயே சிலம்பு உடைந்துவிட, வஞ்சிக் காண்டத்தின் 7 காதைகளில் சேரன் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொணர்ந்து கண்ணகிக்குக் கோயில் எடுக்கிறான். அரசவையில் சிலம்பு தந்த சான்றை நிலைபெறச் செய்ய அந்தக் கல் தேவைப்பட்டதா என்று கேட்கும்போது, கட்டுரை தன் தலைப்பைவிட்டு விலகாமலே காப்பியம் முழுவதையும் தொட்டுவிடுகிறது.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். ஏற்கெனவே காட்டிய சான்றின் உட்பொருளைத் திறப்பது முடிவுரையின் பணி. மாதவியின் துறவு போன்ற புதிய சான்றை அங்கே கொண்டுவந்தால், விளக்க இடமின்றி அது அந்தரத்தில் நிற்கும். அத்தகைய சான்று இன்றியமையாதது எனத் தோன்றினால் பொருளுரையில் அதற்குத் தனிப் பத்தி அமைக்க வேண்டும். வஞ்சிக் காண்டக் கல்லுக்கும் இவ்விதி பொருந்துவதால், பொருளுரையில் அதைப் பற்றி இரண்டு வரியேனும் முன்பே வந்திருக்க வேண்டும்.

இறுதியாக முன்னுரையையும் முடிவுரையையும் அருகருகே வைத்துப் படித்து, இரண்டையும் இடம் மாற்றினாலும் கட்டுரை அப்படியே நிற்குமா என்று பார்க்க வேண்டும். நிற்குமானால் குறை முடிவுரையில் இல்லை. பொருளுரை எதையும் நிறுவவில்லை என்பதால், எழுதுபவர் மீண்டும் ஓரக் குறிப்புகளிலிருந்து தொடங்க வேண்டும்.