மதித்துக் கேட்டால் வழி பிறக்கும்

மாணவர்களே, உங்கள் கைப்பேசியில் இருக்கும் செயலி ஒன்றை நினைத்துப் பாருங்கள். பேருந்து எப்போது வரும் என்று காட்டும் செயலியாக இருக்கலாம். சாப்பாடு வரவழைக்கும் செயலியாகவும் இருக்கலாம். அதை உருவாக்கியவர் யார்? ‘மென்பொருள் பொறியாளர்’ என்று உடனே சொல்வீர்கள். அது பாதி விடைதான். அந்தச் செயலி யாருக்குத் தேவை, எந்த வசதி முதலில் வர வேண்டும், எதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்பவர் இன்னொருவர். அவரைத் ‘தயாரிப்பு மேலாளர்’ என்பர். ‘என்ன?’, ‘ஏன்?’ என்ற கேள்விகளுக்கு மேலாளர் பொறுப்பு. ‘எப்படி?’ என்ற கேள்விக்குப் பொறியாளர் பொறுப்பு.

இவ்விருவரும் ஒரே குழுவில் வேலை செய்கிறார்கள். ஆயினும், இவர்களுக்கிடையே உரசல் ஏற்படுவது உண்டு. “வெள்ளிக்கிழமைக்குள் இந்த வசதி வேண்டும்,” என்கிறார் மேலாளர். “முடியாது,” என்கிறார் பொறியாளர். ‘இவருக்கு வேலையின் கஷ்டம் தெரியவில்லை’ என்று பொறியாளர் நினைக்கிறார். ‘இவருக்கு வாடிக்கையாளரைப் பற்றிக் கவலையே இல்லை’ என்று மேலாளர் நினைக்கிறார். இருவரும் கடுமையாக எதுவும் பேசவில்லை. கூட்டம் நன்றி கூறி முடிகிறது. ஆனால், ஒருவர் சொன்னதை மற்றவர் மதித்தாரா?

மரியாதையாகப் பேசுவது வேறு, மதிப்பது வேறு. எனக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரியும் என்பதை ஏற்று, அதைக் கேட்டறிந்த பிறகே முடிவெடுப்பதுதான் மதிப்பு. இதைச் சில உண்மை நிகழ்ச்சிகளின் வழி காண்போம்.

சோப்பு விற்பனையில் பிறந்த பொறுப்பு

மேலாளருக்கு அப்படி என்ன தெரியும் என்று சிலர் கேட்பதுண்டு. அதற்கு விடை காண, கணினி வருவதற்கு முந்தைய காலத்திற்குச் செல்ல வேண்டும். 1931ஆம் ஆண்டில், அமெரிக்காவின் புரோக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் நீல் மெக்எல்ராய் என்பவர் ‘கேமே’ என்னும் சோப்பின் விளம்பரப் பணியைக் கவனித்து வந்தார். அதே நிறுவனத்தின் ‘ஐவரி’ சோப்பு ஏற்கெனவே பெரும்புகழ் பெற்றிருந்தது. அதன் நிழலில் கேமே வளர முடியாமல் இருந்தது.

மெக்எல்ராய் தம் மேலதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு எழுதினார். ஒவ்வொரு பொருளுக்கும் முழுப் பொறுப்பேற்கத் தனி ஆட்கள் வேண்டும். விற்பனை எங்கே குறைகிறது, ஏன் குறைகிறது என்பதை அவர்கள் களத்திற்குச் சென்று ஆராய வேண்டும் என்பது அதன் சாரம். இன்றைய தயாரிப்பு மேலாளர் பதவியின் வேர் அந்தக் குறிப்பில் இருப்பதாகப் பலர் கருதுகின்றனர். ஆகவே, இப்பதவி கட்டளையிடுவதற்காகத் தோன்றியதன்று. பொருளைப் பயன்படுத்துவோரை நேரில் அறிந்து, அவர்கள் சார்பில் பேசுவதற்காகத் தோன்றியது. பயனீட்டாளரைப் பற்றிய அந்த அறிவு, நாள் முழுவதும் நிரல் எழுதும் பொறியாளருக்கு எளிதில் கிட்டாது.

மறுக்கப்பட்ட யோசனை

பொறியாளரின் அறிவு மதிக்கப்படாவிட்டால் என்ன நேரும்? நிலவுப் பயணக் காலத்தில் நடந்தது இது. 1960களில், அப்போலோ விண்கலத்தின் கணினிக்கு மென்பொருள் எழுதும் பணி மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் நடந்தது. அக்குழுவை வழிநடத்தியவர் மார்கரெட் ஹேமில்டன். மென்பொருள் எழுதுவதை ஒரு பொறியியலாக யாரும் எண்ணாத காலம் அது. மற்ற பொறியாளர்களுக்குக் கிடைக்கும் மதிப்பு தம் துறைக்கும் கிடைக்க வேண்டும் என்று விரும்பிய அவர், ‘மென்பொருள் பொறியியல்’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார். தொடக்கத்தில் பலர் அதைக் கேலியாகவே எடுத்துக்கொண்டனர்.

ஹேமில்டன் சில வேளைகளில் தம் சிறு மகளையும் ஆய்வுக்கூடத்திற்கு அழைத்துச் செல்வார். ஒரு நாள், பயிற்சிக்கான கணினியில் விளையாடிய சிறுமி ஏதோ பொத்தான்களை அழுத்த, அது செயலிழந்தது. விண்கலம் பறந்துகொண்டிருப்பதாகக் காட்டும் பயிற்சியின் நடுவில், புறப்படுவதற்கு முன் மட்டுமே பயன்படும் ‘நிரல் 01’ஐ அவள் இயக்கிவிட்டாள். விண்வெளி வீரரும் இப்படித் தவறிவிடலாமே என்று ஹேமில்டன் எண்ணினார். அதைத் தடுக்கும் நிரலைச் சேர்க்க அனுமதி கேட்டார். மேலிடத்தில் இருந்தவர்கள் மறுத்தனர். நன்கு பயிற்சி பெற்ற வீரர்கள் அத்தகைய தவற்றைச் செய்யமாட்டார்கள் என்பது அவர்கள் வாதம்.

நாம் இங்கே நியாயமாகச் சிந்திக்க வேண்டும். அந்தக் கணினியின் மொத்த நினைவகம் ஏறத்தாழ 76 கிலோபைட்தான். கைப்பேசியில் நாம் எடுக்கும் ஒரு படமே அதைவிடப் பல மடங்கு பெரியது. மேலும், மென்பொருளைக் கம்பிகளாகக் கோத்து, கையால் நெய்து நினைவகத்தில் பதித்தனர். ஒவ்வொரு மாற்றத்திற்கும் நேரமும் உழைப்பும் தேவைப்பட்டன. மாற்றத்திற்குத் தயங்க மேலிடத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால், தவறு நேரக்கூடும் என்பதைக் கண்ணால் கண்டவரின் சொல்லுக்கு உரிய எடை தரப்படவில்லை. வேறு வழியின்றி, பறக்கும்போது அந்த நிரலைத் தேர்ந்தெடுக்கக்கூடாது என்ற எச்சரிக்கைக் குறிப்பை மட்டும் ஹேமில்டனின் குழு எழுதி வைத்தது.

1968 டிசம்பரில் அப்போலோ 8 நிலவைச் சுற்றிவிட்டுப் பூமிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அனுபவம் மிக்க வீரரான ஜிம் லவல், நட்சத்திரம் ஒன்றின் எண்ணை உள்ளிட முயன்றபோது தவறுதலாக ‘நிரல் 01’ஐ இயக்கிவிட்டார். கலம் ஏவுதளத்தில் நிற்பதாகக் கணினி எண்ணியது. எத்திசையை நோக்கிப் பறக்கிறது என்ற தகவல் அழிந்தது. லவல் நட்சத்திரங்களைப் பார்த்து, தரைக் கட்டுப்பாட்டு நிலையத்தின் உதவியோடு நிலைமையைச் சரிசெய்தார். மூவரும் நலமாகத் திரும்பினர். அதன் பிறகு, ஹேமில்டன் கேட்ட மாற்றத்திற்கு அனுமதி கிடைத்தது.

கேட்கத் தெரிந்த தலைவர்

அடுத்த ஆண்டிலேயே இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்று நடந்தது. 1969 ஜூலையில், நிலவில் இறங்கும் பயணத்திற்குச் சில நாள்களுக்கு முன் ஹியூஸ்டன் நகரில் ஒத்திகை நடந்தது. திடீரெனக் கணினி ஓர் எச்சரிக்கை எண்ணைக் காட்டியது. அதன் பொருள் உறுதியாகத் தெரியாததால், கணினிக்குப் பொறுப்பாக இருந்த ஸ்டீவ் பேல்ஸ் தரையிறக்கத்தைக் கைவிடச் சொன்னார். கைவிட்டிருக்கத் தேவையில்லை என்பது பிறகு தெரியவந்தது.

கட்டுப்பாட்டுக் குழுவின் தலைவர் ஜீன் கிரான்ஸ், “ஏன் தவறு செய்தாய்?” என்று பேல்ஸைக் கடிந்துகொண்டு நின்றுவிடவில்லை. இத்தகைய எச்சரிக்கை எண்கள் ஒவ்வொன்றையும் ஆராயுமாறு பணித்தார். ஜேக் கார்மன் என்ற இளம் பொறியாளர் அவற்றுக்கான விளக்கங்களைத் தொகுத்துக் கையால் ஒரு பட்டியல் எழுதினார். அப்போது அவருக்கு வயது 24.

ஜூலை 20ஆம் நாள் அப்போலோ 11 நிலவை நெருங்கியபோது, கணினி ‘1202’ என்ற எச்சரிக்கையைக் காட்டியது. முடிவெடுக்கச் சில நொடிகளே இருந்தன. கார்மன் தம் பட்டியலைப் பார்த்தார். எச்சரிக்கை இடைவிடாமல் வராதவரை ஆபத்தில்லை என்று பேல்ஸிடம் கூறினார். பேல்ஸ் தொடரச் சொன்னார். அவர் சொன்னதைக் கிரான்ஸ் ஏற்றார். கணினி, சுமை மிகுந்தபோது முக்கியமற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு முக்கியமானவற்றை மட்டும் செய்யுமாறு அமைக்கப்பட்டிருந்தது. அது தன் கடமையைச் செய்தது. மனிதன் நிலவில் கால் பதித்தான். அந்தச் சில நொடிகளில் 24 வயது இளைஞரின் சொல்லை நம்ப முடிந்ததற்குக் காரணம், முன்கூட்டியே அதைக் கேட்டு வைத்திருந்ததுதான்.

கடன் என்னும் சொல்

கேட்பது மேலாளரின் கடமை என்றால், புரியும்படி சொல்வது பொறியாளரின் கடமை. அமெரிக்க மென்பொருளாளர் வார்ட் கன்னிங்ஹம் நிதித்துறைக்கான மென்பொருள் ஒன்றை உருவாக்கி வந்தார். புதிய வசதிகளைச் சேர்க்காமல், ஏற்கெனவே எழுதிய நிரலைத் திருத்திக்கொண்டிருப்பது ஏன் என்று தம் மேலதிகாரிக்கு விளக்க வேண்டியிருந்தது. நிரலின் நுணுக்கங்களை அடுக்கியிருந்தால் அவருக்கு விளங்கியிருக்காது. ஆகவே, நிதித்துறையினர் நன்கறிந்த ஒரு சொல்லை எடுத்துக்கொண்டார்: கடன்.

அவசரமாக நிரல் எழுதுவது கடன் வாங்குவதைப் போன்றது. வேலை விரைவாக முடியும். ஆனால், பின்னர் அதைச் சீர்செய்து கடனை அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால், அடுத்தடுத்த வேலைகள் ஒவ்வொன்றும் தாமதமாகி வட்டி ஏறிக்கொண்டே போகும். 1992இல் அவர் எழுதிய அறிக்கை ஒன்றில் இடம்பெற்ற இந்த உவமை, ‘தொழில்நுட்பக் கடன்’ என்னும் பெயரில் இன்று உலகெங்கும் வழங்குகிறது. “உங்களுக்கு இது புரியாது,” என்று ஒதுக்காமல், எதிரில் இருப்பவரின் மொழியிலேயே பேசியது அவர் காட்டிய மதிப்பாகும்.

நம் வகுப்பறையில்

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்குத் திரும்புவோம். “முடியாது” என்பதற்குப் பதிலாக, “வெள்ளிக்கிழமை ஏன் முக்கியம்?” என்று பொறியாளர் கேட்டிருக்கலாம். மறுநாள் ஒரு விழா தொடங்குகிறது என்ற காரணம் தெரிந்திருக்கும். “எது கடினமாக இருக்கிறது?” என்று மேலாளர் கேட்டிருக்கலாம். பணம் செலுத்தும் பகுதியை அவசரமாக மாற்றினால், ஒருவரிடம் இருமுறை பணம் பிடிக்கப்படும் ஆபத்து இருப்பது தெரிந்திருக்கும். ஆபத்தில்லாத பகுதியை வெள்ளிக்கிழமைக்குள் முடித்து, மற்றதைப் பிறகு சேர்க்கலாம் என்ற வழி இருவருக்கும் புலப்பட்டிருக்கும். கேட்டதெல்லாம் கிடைக்காமல் போகலாம். ஆனால், ஒருவர்மீது ஒருவர் வைத்த நம்பிக்கை கெடாது.

இதே நிலை உங்களுக்கும் நேரும். ஏப்ரலில் நடைபெறும் தமிழ்மொழி விழாவிற்காக, உங்கள் குழு ஒரு புதிர்ச் செயலியை உருவாக்குவதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் தொடக்கநிலை மாணவர்களைச் சந்தித்து, அவர்களுக்குப் பிடித்தவற்றைக் கேட்டு வருகிறார். இன்னொருவர் இரவு வரை அமர்ந்து நிரல் எழுதுகிறார். முன்னவரை ‘வெறுமனே பேசுபவர்’ என்றும் பின்னவரை ‘சொன்னதைச் செய்பவர்’ என்றும் எண்ணிவிடாதீர்கள். ஒரு நாள் நிரல் எழுதுபவரையும் அந்தச் சிறுவர்களிடம் அழைத்துச் செல்லுங்கள். வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்பதை, அதைச் செய்பவரிடமே கேளுங்கள். பாராட்டு கிடைக்கும்போது இருவர் பெயரையும் சொல்லுங்கள். தவறு நேரும்போது, “யார் செய்தது?” என்பதற்கு முன், “எப்படி நேர்ந்தது?” என்று கேளுங்கள்.

இரு கை தட்டினால்தான் ஓசை எழும் என்பது நாம் அறிந்த பழமொழி. வலக்கை செய்வதை இடக்கை செய்ய வேண்டியதில்லை. அது எப்போது, எங்கே வருகிறது என்று தெரிந்தால் போதும். அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, கேட்பதுதான்.

சிந்தித்துக் கலந்துரையாடுக

1. மரியாதையாகப் பேசுவதற்கும் மதிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை உன் சொந்த அனுபவம் ஒன்றைக் கொண்டு விளக்குக.

2. ஹேமில்டனின் யோசனையை மறுத்தவர்களின் நிலையில் நீ இருந்திருந்தால், முடிவெடுக்கும் முன் அவரிடம் என்னென்ன கேள்விகளைக் கேட்டிருப்பாய்?

3. உனக்கு நன்கு தெரிந்த ஒரு கலை அல்லது விளையாட்டைப் பற்றி, அதை அறியாத உன் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ விளக்க வேண்டும். கன்னிங்ஹம் செய்ததைப் போல, அவர்களுக்குப் பழக்கமான ஓர் உவமையைப் பயன்படுத்தி ஒரு பத்தி எழுதுக.