பசியும் குடலின் தூதர்களும்

"பசியாறினீர்களா?" என்று விசாரிப்பது நம்மவரின் நெடுநாள் வழக்கம். காலையில் கடை திறக்குமுன் உண்பதற்கே 'பசியாறுதல்' என்று பெயர் வைத்திருக்கிறோம். 'வயிறு நிரம்பியதா?' என்று நாம் கேட்பதில்லை. பசி ஆறியதா என்றே கேட்கிறோம். நிரம்புதல் வேறு, ஆறுதல் வேறு. மூன்று தட்டுச் சோறு உண்டும் மனம் அடங்காதவர் உண்டு. அரை வயிற்றிலேயே கையைக் கழுவிவிடுபவரும் உண்டு. முன்னவரைப் பெருந்தீனிக்காரர் என்று நகைப்பதும் பின்னவரை அடக்கமானவர் என்று புகழ்வதும் உலக வழக்கம். ஆயினும் இவ்வேறுபாட்டில் பெரும்பகுதி நம் குடலில் சுரக்கும் சில பொருள்களின் வேலையாகும். அவற்றை ஹார்மோன்கள் என்பர். அவை யாவை, எவ்வாறு வேலை செய்கின்றன, நாள் முழுதும் கடையில் நிற்கும் வணிகர் அவற்றை ஏன் அறிந்திருக்க வேண்டும் என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

தூதரைக் கண்ட வரலாறு

சீரண வேலையை நரம்புகளே நடத்துகின்றன என்று ஒரு காலத்தில் அறிஞர் எண்ணினர். சீரண ஆராய்ச்சிக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற ருஷ்ய அறிஞர் பாவ்லவின் கருத்தும் அதுவே. ஆனால் 1902இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் இருவர் ஒரு சோதனை செய்தனர். மயக்க மருந்து கொடுத்த நாயின் சிறுகுடலில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, அதற்குச் செல்லும் நரம்புகளை அறுத்துவிட்டு, அதனுள் அமிலத்தைச் செலுத்தினர். நரம்புத் தொடர்பு இல்லாதிருந்தும் கணையம் நீர் சுரந்தது! பிறகு குடலின் உட்தோலைச் சுரண்டி, அமிலத்தோடு அரைத்து, வடிகட்டி, இரத்தக் குழாயில் செலுத்தினர். அப்போதும் கணையம் சுரந்தது.

இதனால் விளங்கியது என்ன? குடல் ஒரு பொருளை இரத்தத்தில் விடுகிறது. அது தூதனாகச் சென்று கணையத்துக்குச் செய்தி சொல்கிறது. அப்பொருளுக்குச் செக்ரெட்டின் என்று பெயரிட்டனர். இத்தகைய தூதுப் பொருள்களைக் குறிக்க 1905இல் ஸ்டார்லிங் வழங்கிய சொல்லே ஹார்மோன் என்பது. தூண்டுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து அது பிறந்தது. இன்று மருத்துவ உலகமெங்கும் வழங்கும் அச்சொல்லுக்குக் குடலின் ஆராய்ச்சியே தாய்வீடு என்பது பலரும் அறியாத செய்தி.

சீரணம் நடக்கும் முறை

சரக்கு துறைமுகத்தை அடையுமுன் அதைப் பற்றிய செய்தி கிட்டங்கிக்கு வந்துவிட வேண்டும்; இல்லையேல் இறக்க ஆளும் இராது, வைக்க இடமும் இராது. குடலும் அவ்வாறே முன்னேற்பாட்டோடு நடக்கிறது.

உணவு இரைப்பையை அடைந்ததும் அதன் கீழ்ப்பகுதியிலிருந்து காஸ்ட்ரின் சுரந்து, அமிலத்தைப் பெருக்குகிறது. அமிலம் கலந்த உணவு சிறுகுடலில் இறங்கியதும் செக்ரெட்டின் புறப்படுகிறது. அதன் ஏவலால் கணையம் காரத்தன்மையுள்ள நீரைச் சுரந்து அமிலத்தை முறிக்கிறது. இல்லையேல் குடல் புண்ணாகிவிடும். உணவில் கொழுப்பும் புரதமும் இருந்தால் கோலிசிஸ்டோகைனின் என்னும் மூன்றாவது தூதன் வெளிப்படுகிறான். பித்தப்பையைச் சுருக்கிப் பித்தநீரை வரவழைப்பதும், கணையத்திலிருந்து சீரண நொதிகளைக் கொணர்வதும், 'கீழே வேலை முடியவில்லை. மெதுவாக அனுப்பு' என்று இரைப்பையைத் தடுத்து நிறுத்துவதும் அவன் பொறுப்பு. அத்துடன், வேகஸ் என்னும் நரம்பின் வழியாக மூளைக்குப் 'போதும்' என்ற செய்தியையும் அனுப்புகிறான்.

பசியை எழுப்புவது எது?

1999இல் ஜப்பானிய அறிஞர்களான கொஜிமா, கங்காவா ஆகியோரும் அவர்தம் குழுவினரும் இரைப்பையில் சுரக்கும் கிரெலின் என்னும் ஹார்மோனைக் கண்டறிந்து வெளியிட்டனர். உணவு வேளை நெருங்கும்போது இது இரத்தத்தில் உயர்கிறது, உண்டபின் தாழ்கிறது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் இச்செய்தியைப் பெற்றுப் பசியை எழுப்புகிறது.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. கிரெலின் நாம் வழக்கமாக உண்ணும் நேரத்தை ஒட்டியே உயர்கிறது. அந்நேரத்தில் உண்ணாவிட்டாலும் சிறிது பொழுதில் அதுவே தாழ்ந்துவிடுகிறது. நோன்பு வைப்போர், நடுப்பகலில் கடுமையாக எழுந்த பசி அஸருக்கு முன்பே தணிந்துபோவதை உணர்ந்திருப்பர். அதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

பசியை ஆற்றுவது எது?

உணவு குடலின் கீழ்ப்பகுதியை நெருங்கும்போது பி.ஒய்.ஒய்., ஜி.எல்.பி.-1 என்னும் இரண்டு ஹார்மோன்கள் மிகுதியாகச் சுரக்கின்றன. இரண்டும் இரைப்பையின் வேகத்தைக் குறைத்துப் பசியை ஆற்றுகின்றன. ஆனால் இவை உயர நேரம் பிடிக்கும். வாடிக்கையாளர் காத்திருக்கிறாரே என்று 5 நிமிடத்தில் ஒரு தட்டுச் சோற்றை விழுங்குபவருக்குப் 'போதும்' என்ற செய்தி வருமுன் இரண்டாம் தட்டும் காலியாகிவிடும்!

இதைக் கிரேக்க நாட்டு மருத்துவர் சிலர் சோதித்து 2010இல் வெளியிட்டனர். 17 ஆண்களுக்கு ஒரே அளவு ஐஸ்கிரீமை ஒரு நாள் 5 நிமிடத்திலும் மற்றொரு நாள் 30 நிமிடத்திலும் உண்ணக் கொடுத்தனர். மெதுவாக உண்டபோது இவ்விரு ஹார்மோன்களும் கூடுதலாக உயர்ந்தன. உணவு ஒன்றே, வேகத்தால் விளைந்தது வேறுபாடு.

நீரிழிவோடு உள்ள தொடர்பு

ஜி.எல்.பி.-1 ஹார்மோனுக்கு மற்றொரு வேலையும் உண்டு. இரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது இன்சுலினைச் சுரக்கும்படி கணையத்தைத் தூண்டுவது அது. சர்க்கரையை ஊசியால் ஏற்றுவதைவிட வாயால் உண்ணும்போது இன்சுலின் அதிகமாகச் சுரப்பதற்குக் குடல் ஹார்மோன்களே காரணம். நீரிழிவு உடையோரிடம் இந்த உதவி குறைந்துவிடுகிறது.

நம்மைச் சூழ்ந்துள்ள நிலையை நாம் அறிவோம். மலேசிய அரசின் சுகாதாரக் கணக்கெடுப்பின்படி 2019இல் வயதுவந்தோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கும், 2023இல் 15.6 பேருக்கும் நீரிழிவு இருந்தது. அதாவது ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர். சிங்கப்பூர் அரசு 2016இல் இந்நோயின் மீது போரே அறிவித்தது. காலை முதல் இரவு வரை கல்லாவில் இருந்து, தேத்தண்ணீரால் பசியைத் தள்ளிப்போட்டு, கடையடைத்தபின் பத்து மணிக்கு வயிறு கொள்ளுமட்டும் உண்ணும் பழக்கமுடையோர் இதனைத் தம் வீட்டுக் கணக்காகவே கருத வேண்டும்.

இளைத்த உடல் மீண்டும் பருப்பது ஏன்?

"மூன்று மாதம் வாயைக் கட்டினேன், இளைத்தேன்; மறு ஆண்டு பழையபடி ஆகிவிட்டேன்" என்று வருந்துவோர் பலர். மனவுறுதி இல்லாதவர் என்று அவரைப் பழிப்பது முறையன்று. ஆஸ்திரேலியாவில் மெல்பர்னில் நடந்து 2011இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், உணவைக் குறைத்து இளைத்தவர்களுக்கு ஓராண்டு கழிந்த பின்னும் கிரெலின் உயர்ந்தும், பசியை ஆற்றும் ஹார்மோன்கள் தாழ்ந்தும் இருந்தன. இழந்த எடையை உடல் கடன்போலப் பேரேட்டில் எழுதிவைத்து, விடாமல் வசூலிக்க வருகிறது. ஆகவே திடீரெனப் பட்டினி கிடந்து இளைப்பதைவிட, நெடுநாள் கைக்கொள்ளக்கூடிய சிறு மாற்றங்களே நிலைக்கும்.

இளைக்கும் ஊசி

குடல் சுரக்கும் ஜி.எல்.பி.-1 சில நிமிடங்களில் அழிந்துவிடும். அதைப்போன்றே வேலை செய்து, நெடுநேரம் நிலைக்குமாறு அமைக்கப்பட்ட மருந்துகளுள் ஒன்று செமாகுளுடைடு. வாரம் ஒருமுறை ஊசியாகப் போடப்படும் இது, அமெரிக்காவில் 2017இல் நீரிழிவுக்கும் 2021இல் உடற்பருமனுக்கும் அனுமதி பெற்றது. நற்பயன் உடையதே. எனினும் குமட்டலும் வாந்தியும் உண்டாகலாம். இன்சுலின் முதலிய மருந்துகளோடு சேரும்போது சர்க்கரை அளவுக்கு மீறித் தாழலாம். ஊசியை நிறுத்தினால் இழந்த எடையின் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது. ஆதலால் நண்பர் சொன்னார், மலிவாகக் கிடைத்தது என்று மருத்துவரைக் கேளாமல் வாங்குவது கூடாது. முத்திரை இல்லாத சரக்கைக் கடையில் ஏற்றாத வணிகர், அதைத் தம் உடம்பில் ஏற்றலாமா?

நாம் செய்யத்தக்கவை

1. உணவு வேளையை ஒழுங்காக வைத்துக்கொள்க. கடையில் ஆள் மாற்றி, பகலுணவுக்கு 20 நிமிடமாவது அமர்ந்து உண்க.

2. காய்கறி, மீன், முட்டை, பருப்பு ஆகியவற்றை முதலில் உண்டு, சோற்றைப் பின்னர் உண்க. உண்டபின் சர்க்கரை ஏறும் வேகம் இதனால் குறையும்.

3. முதல் தட்டு முடிந்ததும் சற்றுப் பொறுத்திருந்து, பிறகு இரண்டாவதைப் பற்றி யோசிக்க.

4. கட்டிப்பால் தேத்தண்ணீரும் இனிப்புப் பானங்களும் உணவைப்போலப் பசியை ஆற்றுவதில்லை. சர்க்கரையை மட்டும் ஏற்றும். அவற்றைக் குறைக்க.

5. நீரிழிவுக்கு மருந்து உண்போர், மருத்துவரைக் கேளாமல் உணவையோ மருந்தையோ விட்டுவிடலாகாது.

கடையின் கணக்கை நாள்தோறும் பார்க்கும் நாம், உடலின் கணக்கை மருத்துவமனைக் கட்டிலில் படுத்த பிறகே பார்க்கிறோம். குடலின் தூதர்கள் வேளைதோறும் செய்தி கொண்டுவருகின்றனர். அதைக் கேட்க 20 நிமிடம் ஒதுக்குவது நட்டமாகாது.